காது ஓரத்தில் தொடங்கும் சொறி

கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவருக்கு உடனே போன் போகும். எலி பிடிக்கும் பூனையின் காது ஓரத்தில் பொருக்கு கட்டினால், சண்டையில் பட்ட காயம் என்று விட்டுவிடுவார்கள். கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி போல மாடும் ஆடும் பிழைப்பாக இருக்கும் ஊர்களில் பூனையின் நோய் கடைசியாகத்தான் கண்ணில் படுகிறது. அதற்குள் சொறி முகம் முழுக்கப் பரவியிருக்கும்.

இந்தச் சொறிக்குக் காரணம் 'நோட்டோஎட்ரிஸ் கேட்டி' என்ற சிற்றுண்ணி. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத, எட்டுக் கால் உயிர். பெண் உண்ணி தோலுக்குள் குடைந்துபோய் முட்டையிடுகிறது. முட்டை வளர்ந்து முழு உண்ணியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முதலில் காது மடலின் விளிம்பில் முடி உதிரும். பிறகு சாம்பலும் மஞ்சளும் கலந்த பொருக்கு நெற்றி, இமை, கழுத்து என்று படரும். பூனை முன்னங்காலால் முகத்தைத் துடைக்கும், சுருண்டு படுக்கும். அதனால் பாதத்துக்கும் வாலடிக்கும் உண்ணி போய்ச் சேரும். தோல் தடித்துச் சுருங்கி, இளம்பூனைக்கும் கிழட்டு முகம் வந்துவிடும். அரிப்பு தாங்காமல் சொறிந்த இடங்கள் சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் தீனி குறைந்து, மெலிந்து செத்தும் போகும்.

காதுக்குள் மட்டும் காப்பித்தூள் போலக் கறுப்பு அழுக்கு சேர்ந்தால் அது வேறு உண்ணி. வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை, மருந்தும் வேறு. பொருக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் விடை தெரியும்.

உண்மையான ஆபத்து கைவைத்தியத்தில் இருக்கிறது. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து தொழுவத்தில் மீதி இருக்கும். அதையே பூனைமேல் தடவினால் சொறிக்கு முன் பூனை போய்விடக்கூடும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு நஞ்சு. உடல் நடுங்கும், வலிப்பு வரும். அமிட்ராஸும் ஆகாது. சில வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

வேப்பிலையும் மஞ்சளும்? பக்கத்து நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. இரண்டையும் அரைத்துப் பூசியதில், சொறி கண்ட 814 பேரில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாளுக்குள் குணமானதாக 1992-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அது மனிதர்களிடம் நடந்த ஆய்வு. மனிதர் பூசியதை நக்குவதில்லை. பூனை ஒரு துளி விடாமல் நக்கும். அடர்த்தியான வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் எச்சில் வடியும், வாந்தி வரும்.

நம்பகமான மருந்து ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் சத்தோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. ஆனால் அளவுதான் உயிர். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். மூன்று கிலோ பூனைக்கு ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம். ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் மதிப்பில் ஏற்றுகிற மருந்து அல்ல இது. குட்டிகளுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். முட்டைகளை இது கொல்லாது என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுவார்கள். பின்கழுத்தில் சொட்டாக விடும் செலாமெக்டினும் நன்றாக வேலை செய்கிறது.

1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் மட்டுமல்ல, பூனைக்கும் அங்கே வழி உண்டு. போகும்போது சொறி கண்ட பூனையோடு நின்றுவிடாமல் வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் மருந்து கேட்க வேண்டும். ஒன்று விடுபட்டால் அதிலிருந்து மறுபடி பரவும். பூனை படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளின் கையில் சிவப்புத் தடிப்பு வரலாம். மனிதத் தோலில் இந்த உண்ணியால் பெருக முடியாது. பூனை குணமானால் அந்த அரிப்பும் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும்.