மின்னியும் கடத்தாத பிளாஸ்டிக்

மின்சாரம் கடத்தாது என்பதால்தான் வயருக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறோம். அந்த நம்பிக்கையை ஆட்டிய ஒரு கதை தொடங்கியது 1967இல், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில். அசிட்டிலீன் வாயுவைச் சங்கிலியாகக் கோத்து பாலிஅசிட்டிலீன் செய்துகொண்டிருந்தது வேதியியலர் ஹிடெகி ஷிரகாவாவின் குழு. வழக்கமாகக் கிடைப்பது கரிய தூள். ஒருமுறை வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள், படலம் படிந்தது. பிறகு முறையைச் செம்மைப்படுத்தியதும் அலுமினியத் தாள்போலவே மின்னியது. ஆனால் உலோகம்போல மின்சாரம் கடத்தவில்லை.

ஏன்? கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள். இந்தச் சங்கிலியில் மூன்று, பக்கத்து இரு கார்பன்களையும் ஒரு ஹைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும். நான்காவது, சங்கிலியின் தளத்துக்கு மேலும் கீழும் பரவி அண்டை அணுக்களோடு கலக்கும். எல்லாப் பிணைப்பும் ஒரே நீளமாக இருந்தால் அந்த எலெக்ட்ரான்கள் தடையின்றி ஓடும், சங்கிலியே உலோகமாகிவிடும். அப்படி இருப்பதில்லை. ஒற்றைப் பரிமாணச் சங்கிலி இப்படிச் சமமாக நிலைக்காது, இரண்டிரண்டாக நெருங்கினால்தான் ஆற்றல் குறையும் என்று இயற்பியலர் ருடால்ஃப் பையர்ல்ஸ் முன்பே காட்டியிருந்தார். இங்கே இரட்டைப் பிணைப்பு ஏறத்தாழ 1.36 ஆங்ஸ்ட்ராம், ஒற்றைப் பிணைப்பு 1.44. இந்தத் துளி வித்தியாசம்தான் சுமார் 1.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளியைத் திறந்து, உலோகமாகியிருக்க வேண்டியதைக் குறைகடத்தியாக்கிவிடுகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேதியியலர் ஆலன் மெக்டயர்மிட், இயற்பியலர் ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து ஷிரகாவா அந்தப் படலத்தின் மேல் ஹாலஜன் ஆவியைப் படரவிட்டார். கடத்துதிறன் ஒரு கோடி மடங்குவரை எகிறியது. மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபெல்.

ஆவி செய்தது எலெக்ட்ரான்களைப் பறித்ததுதான். பறித்த இடத்தில் ‘இரட்டை–ஒற்றை’ வரிசை புரண்டு ‘ஒற்றை–இரட்டை’ ஆகிறது. இந்தப் பிசகு ஓர் அணுவில் நிற்காமல் பத்துப் பதினைந்து கார்பன்களில் பரவி, அப்படியே சங்கிலியில் நகர்கிறது. சாலிட்டான் என்று பெயர். எலெக்ட்ரானுக்கு மின்னூட்டமும் தற்சுழற்சியும் சேர்ந்தே இருக்கும். இதற்கோ மின்னூட்டம் மட்டும்தான்! இயற்பியலர்கள் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் 1979இல் இதற்குக் கணக்கு எழுதினார்கள்.

பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும், கடைக்கு வரவில்லை. அதன் உறவுகள் வந்தன. சங்கிலியில் பென்சீன் வளையத்தைச் செருகினால் ஆற்றல் இடைவெளி அகலும். அப்படிப்பட்ட ஒரு பாலிமருக்கு கேம்பிரிட்ஜில் மின்னழுத்தம் கொடுத்தபோது, அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது.