உத்திரமேரூர் வட்டாரத்தின் பனிக்கால வாழ்வும் விளையாட்டுகளும்

உத்திரமேரூர், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். அதே பெயர் கொண்ட வட்டத்தின் தலைமையிடமும் இதுவே. சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், ஏரிப்பாசன நெல்வயல்களுக்கு நடுவே அமைந்துள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் இவ்வூர் பரவலாக அறியப்படுகிறது. இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கார்த்திகை தொடங்கி மாசி வரையிலான பனிக்கால வாழ்வையும், அக்காலத்தில் ஆடப்படும் விளையாட்டுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. எந்த விளையாட்டு எப்போது, எங்கே ஆடப்படும் என்பதை இங்கு முடிவு செய்வது குளிர் அன்று. ஏரி நீரும் நெல் அறுவடையுமே.

பருவம்

தமிழ் மரபு ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இரவின் முற்பகுதியில் பனி விழுவது முன்பனி என்றும், பிற்பகுதியில் விழுவது பின்பனி என்றும் விளக்கம் கூறுவர். பனி என்ற ஒரே சொல் புல்நுனி நீர்த்துளியையும், விடியற்கால மூட்டத்தையும், குளிர்நாடுகளில் வானிலிருந்து பொழியும் வெண்பனியையும் குறிக்கிறது. உத்திரமேரூரில் முதல் இரண்டு மட்டுமே உண்டு. ஜனவரி மாத விடியற்காலையில் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். ஆயினும் தலைத்துண்டால் காதுகளை மூடிக்கொண்டு தேநீர்க் கடை முன் நிற்பவர்களைப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது.

இதே மாதங்களில் கனடாவின் சசுகாச்சுவான் போன்ற புல்வெளி மாகாணங்களில் குளங்கள் கல்லாய் உறைந்துவிடுகின்றன. அங்குள்ள சிற்றூர்களுக்கு அந்த உறைந்த நீரே ஐஸ் ஹாக்கி ஆடும் தரை. உத்திரமேரூரில் நிலை நேர்மாறானது. இங்கு நீர் வயலை விட்டு வடிந்த பிறகே விளையாடத் தரை கிடைக்கிறது.

இவ்வட்டாரம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. மழை நன்கு பெய்தால் கார்த்திகை இறுதிக்குள் ஏரிகள் நிரம்பி, மிகைநீர் கலங்கல் வழியே வழியத் தொடங்கும். இதனை "ஏரி கோடி போகிறது" என்று ஊரார் கூறுவர். கோடி போகும் நீரில் குளிப்பதும், எதிர்த்து ஏறிவரும் மீன்களைத் துணியாலும் கூடையாலும் பிடிப்பதும் சிறுவர்களின் முதல் பனிக்கால விளையாட்டு எனலாம். ஓடும் நீரின் வேகமும் வழுக்கும் கல்லும் உயிருக்கு ஆபத்தானவை என்பதால், பெரியவர்கள் உடன் இருப்பது வழக்கம்.

உத்திரமேரூர்ப் பெரிய ஏரி, வைரமேக தடாகம் என்று பழைய கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் விருதுப்பெயரான வைரமேகன் என்பதிலிருந்து இப்பெயர் வந்தது. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகள், ஊரின் 30 குடும்புகளிலிருந்து (குடும்பு என்பது இக்கால வார்டு போன்ற பிரிவு) வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழுவை ஆண்டுதோறும் அமைத்த ஊர் இது என்பது, குடவோலை பற்றிய பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது.

கார்த்திகையும் மாவளியும்

திருக்கார்த்திகை நாளில் அகல் விளக்கு ஏற்றுவது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதனுடன் மாவளி சுற்றுதலும் சேர்ந்துகொள்ளும். இதனைக் கார்த்திகை சுற்றுதல் என்றும் கூறுவர்.

ஆண்பனையின் காய்ந்த பூந்தண்டுகளைக் குழியில் இட்டுக் கொளுத்தி, முழுதும் எரிந்து சாம்பலாகும் முன்னரே மண்ணால் மூடிக் கரியாக்குவர். அக்கரியை நன்கு இடித்துத் தூளாக்கி, சில இடங்களில் சிறிது உப்பும் சேர்த்து, பழந்துணியில் நீண்ட பொட்டலமாகக் கட்டுவர். பொட்டலத்தைப் பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கி வைத்து, நீளமான கயிறு கட்டுவர். நுனியில் நெருப்புத் துண்டு ஒன்றை வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால், காற்றுப் பட்டுக் கரித்தூள் கனன்று, பொறிகள் பூமாரி போல் வட்டமாகச் சிதறும். வேகம் கூடக் கூட வட்டம் பெரிதாகும். வெடிமருந்து ஏதும் இல்லாமல் செய்யப்படும் இந்த வாணவேடிக்கைக்குச் செலவு மிகக் குறைவு. தேவை பனைமரமும் பொறுமையும் மட்டுமே. கரி சரியான பதத்தில் வராவிட்டால் மாவளி பொறி விடாது, புகைந்துகொண்டே இருக்கும். பனைமரங்கள் குறைந்துவிட்ட ஊர்களில் மாவளியும் அருகிவிட்டது.

மார்கழி

மார்கழியில் நாள் மற்ற மாதங்களைவிட முன்னதாகவே தொடங்குகிறது. கோயில் ஒலிபெருக்கிகளில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும். வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பர். வயலில் சம்பா நெல் கதிர் முற்றும் காலமாதலால் எலியும் பன்றியும் வராமல் காவல் இருப்பதும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு இது அரையாண்டுத் தேர்வு மாதம். தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும்போது வயல்களில் இன்னும் நெல் நிற்பதால், கோலி, பம்பரம், கில்லி ஆகியவை தெருவிலும் களத்துமேட்டிலுமே ஆடப்படும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் பரமபதம் ஆடுவது பழைய வழக்கம். பரமபதம் என்பது ஏணிகளும் பாம்புகளும் வரையப்பட்ட கட்டத்தில் தாயக்கட்டை உருட்டி, வைகுண்டமாகிய உச்சிக் கட்டத்தை அடையும் ஆட்டம். ஏணிகள் நற்செயல்களையும் பாம்புகள் தீச்செயல்களையும் குறிக்கும். ஆங்கிலேயர் வழியாக உலகெங்கும் பரவிய பாம்பும் ஏணியும் ஆட்டத்தின் மூலம் இத்தகைய இந்திய ஆட்டங்களே. வைகுண்டப் பெருமாளுக்கென ஒரு கோயிலும், சுந்தர வரதராசப் பெருமாளுக்கென மற்றொரு கோயிலும் உள்ள உத்திரமேரூரில் இந்த இரவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. குடவோலைக் கல்வெட்டுகள் இருப்பதும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களிலேயே.

இதே மாதங்களில், அண்மையிலுள்ள வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. 2019 மாவட்டப் பிரிவினைக்குப் பின் இவை செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. 2022இல் இரண்டும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பறவைகள் மிரளும் என்பதால் வேடந்தாங்கல் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். சிறுவர்களின் உண்டிவில்லுக்கும் அங்கு இடமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவது உழவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

போகியும் பொங்கலும்

போகி விடியலில் பழம்பொருள்களை எரித்து, சிறுவர்கள் போகி மேளம் கொட்டுவர். மண்வளையத்தின் மேல் தோல் ஒட்டிய இச்சிறு மேளம் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளுக்கே உரியது எனலாம். பனி ஈரத்தில் தோல் தளர்ந்துவிடுவதால் அவ்வப்போது தீயில் காட்டி முறுக்கேற்றுவர். குளிர்ந்த காற்று தரையோடு தங்குவதால் போகிப் புகை எளிதில் மேலே கலைவதில்லை. டயர், நெகிழி முதலியவற்றை எரிக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் அறிவுறுத்தப்படுவது இதனாலேயே.

சல்லிக்கட்டு என்றால் பொங்கல் என்று எண்ணும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அது பெரிதும் மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி பகுதிகளின் வழக்கம். காஞ்சிபுரத்துச் சிற்றூர்களில் மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலையிட்டு ஊர்வலமாக ஓட்டுவதோடு சரி.

அந்நாளில் இங்கு வேட்டைக்குச் செல்பவர் பெருமாளே. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்திற்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருள்கிறார். பின்னர் பழையசீவரம் நரசிம்மருடன் பாலாற்றைக் கடந்து, உத்திரமேரூர் வட்டத்திலுள்ள திருமுக்கூடலை அடைகிறார். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடமாதலால் இவ்வூருக்கு இப்பெயர். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஊர்ப் பெருமாள்களும் அங்கு வந்து சேர, சுற்றுவட்டார மக்கள் கட்டுச்சோற்றுடன் ஆற்று மணலில் கூடுகின்றனர்.

பொங்கல் நாள்களில் இளைஞர் மன்றங்கள் நடத்தும் போட்டிகளில் கோலம், கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம் முதலியன இடம்பெறும். கூட்டம் சேர்வது உறியடிக்கும் வழுக்குமரத்திற்குமே. வழுக்குமரத்தில், பட்டை உரித்து எண்ணெய் தடவிய நெடிய மரத்தின் உச்சியில் பரிசுப்பொருள் கட்டப்பட்டிருக்கும். ஏறுபவர் மீது கீழிருந்து நீர் பீய்ச்சப்படும். முதலில் ஏறுபவர்கள் தோற்பது உறுதி. ஆனால் அவர்கள் உடலால் எண்ணெய் துடைக்கப்படுவதால் பின்னவருக்கு வழி எளிதாகிறது. ஆகவே பழகிய அணிகள் ஒருவர் தோளில் ஒருவர் நின்று, சாம்பலையும் மண்ணையும் மரத்தில் பூசியபடி முன்னேறுகின்றன.

சடுகுடு

தை அறுவடைக்குப் பின் தொடங்குவது சடுகுடு. பனிக்கால விளையாட்டுகளில் இதுவே தலையாயது. இன்று கபடி என்ற பெயரே பெருவழக்கு. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டும் இதுவே.

அணிக்கு எழுவர். ஒருவர் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிரணி எல்லைக்குள் சென்று, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடப்பு விதிகளின்படி ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர். ஒரு பாட்டுக்கு 30 வினாடியே உச்ச அளவு. கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சேர்க்கப்பட்டது. பெண்கள் கபடி 2010இல் குவாங்சோவில் இடம்பெற்றது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக், 2017இல் அதில் இணைந்த தமிழ் தலைவாஸ் அணி ஆகியவற்றால் சிற்றூர் ஆட்டக்காரர்களுக்குத் தொலைக்காட்சியில் முன்மாதிரிகள் கிடைத்தன.

அறுவடையான வயலில் ஆடுகளம் அமைப்பது ஒரு தனி வேலை. தாள் கட்டைகளை நீக்கி, வரப்பு மேடுகளைச் சமன் செய்து, கட்டி உடைத்து, நீர் தெளித்து மிதித்து இறுக்க வேண்டும். மண் அதிகம் ஈரமாயிருந்தால் கால் புதையும். முழுதும் காய்ந்துவிட்டால் களிமண் வெடித்து முழங்காலைக் கிழிக்கும். இடைப்பட்ட பதம் தை இறுதியிலிருந்து சில வாரங்களே நிற்கும். பகலில் ஆலைகளில் பணிபுரிவோரும் ஆட வேண்டியிருப்பதால் பெரும்பாலான போட்டிகள் மின்விளக்கு வெளிச்சத்தில் இரவில் நடைபெறுகின்றன. பனியில் நனைந்தபடியே விடியும்வரை பார்ப்போரும் உண்டு.

உயர்நிலைப் போட்டிகள் இன்று செயற்கை விரிப்பின் மீது, காலணி அணிந்து ஆடப்படுகின்றன. மண்ணில் வெறுங்காலால் பழகியவருக்குத் திரும்பும் வேகமும் கால் பிடிமானமும் அங்கு முற்றிலும் வேறு. சிற்றூரின் திறமையான ஆட்டக்காரர் மாவட்ட அளவில் முதலில் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெண்களைப் பொறுத்தவரை, வயல்களத்துப் போட்டிகளில் இடம் இன்னும் குறைவே. அரசுப் பள்ளியும் அங்குள்ள உடற்கல்வி ஆசிரியரின் ஆர்வமுமே அவர்களுக்கு வாயில்.

ஆடுகளம்

சம்பா அறுவடைக்குப் பின் ஏரியில் நீர் மிஞ்சியிருந்தால் உழவர்கள் உடனே நவரைப் பட்டத்திற்கு நாற்று நடுகின்றனர். அவ்வாண்டு கையில் பணம் இருக்கும், மன்றங்களுக்கு நன்கொடை சேரும், ஆனால் ஆடக் காய்ந்த வயல் கிடைப்பது அரிது. மழை பொய்த்த ஆண்டில் வயல்கள் மட்டுமன்றி ஏரியின் உள்வாயே மைதானமாகிவிடும். மட்டைப்பந்துக்கு அதைவிடப் பெரிய திடல் வேண்டியதில்லை. ஆனால் பரிசுத்தொகை தர ஆளிருக்காது. ஊர் விளையாட்டின் செழிப்பை ஆடுவோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது இதனால் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

முற்காலத்தில் இவ்விரு நிலைக்கும் பொதுவாக நெற்களமும் மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் இருந்தன. அறுவடை இயந்திரம் வந்தபின் கதிரடிக்கும் களத்தின் தேவை குறைந்தது. பொதுநிலங்கள் பல ஊர்களில் கட்டடங்களாகவும், சாலையோர வயல்கள் மனைப்பிரிவுகளாகவும் மாறின. தமிழ்நாடு அரசு 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பந்தும் வலையும் அப்பெட்டியில் வரும். திடலை ஊர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி மைதானம் உள்ள ஊர்களில் மாலை வேளைகளில் அதுவே பொதுத்திடலாகப் பயன்படுகிறது.

ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதி ஆலைகளுக்கு நிறுவனப் பேருந்துகளில் செல்லும் இளைஞர்கள் முறைமாற்றுப் பணியில் இருப்பதால், ஓர் அணியின் எழுவரும் ஒரே மாலையில் கூடுவது பொங்கல் விடுமுறை தவிர்த்த நாள்களில் கடினம். கைப்பந்துக்கும் மட்டைப்பந்துக்கும் குறைந்த ஆள்களைக் கொண்டு பயிற்சி செய்துவிடலாம். கபடிக்கு எதிரணி வேண்டும்.

மாசி இறுதியில் பனி விலகி வெயில் ஏறும்போது மண் இறுகி ஆட்டங்கள் ஓய்கின்றன. பங்குனி முதல் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கும் ஊர்களில், காய்ந்த வயல்வெளிகள் இரவுகளில் கூத்து பார்ப்போருக்கு இடமாகின்றன.