மேட்ச் முக்கியமா, மேனி முக்கியமா?



விடியற்காலை ஐந்து மணி. லயத்தில் விளக்கு எரிகிறது. பெரட்டுக்குப் போக இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நடக்கிறது.

“அம்மா, அந்தப் பச்சைக் கைலிக்கு இந்தச் சிவப்புச் சட்டையா? பார்க்கவே சகிக்கல. மேட்ச்சா எதையாவது போடும்மா.”

“பால்மரம் என்னைப் பார்த்துச் சிரிக்கவா போகுது? விடு புள்ள, நேரமாச்சு.”

“மரம் சிரிக்காது. லோரியில கூட வர்றவங்க சிரிப்பாங்கல்ல?”

இந்தப் பேச்சு நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தச் சட்டை என்ன துணியால் ஆனது என்று மகளும் கேட்கவில்லை, தாயும் பார்க்கவில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஆசைப்படுவதில் தவறில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நன்றாக உடுத்த வேண்டும் என்ற ஆசையை நாம் குறை சொல்லவில்லை. பால்கறை படிந்து தகரம்போல் விறைத்துப்போன சட்டையோடு நம் பெற்றோர் காலமெல்லாம் உழைத்தார்கள். அந்தக் கறையைப் பார்த்தே “தோட்டக்காட்டான்” என்று ஏளனம் பேசியவர்களும் இருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள், தம் பிள்ளைகளாவது பளிச்சென்று உடுத்தட்டும் என்று நினைப்பது தன்மானம். அதை ஆடம்பரம் என்று சொல்லக்கூடாது.

ஆனால் திருவிழாவுக்கு உடுத்துவது வேறு, தினசரி உடுத்துவது வேறு. கோயிலுக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம். வெளிக்காட்டில் எட்டு மணி நேரம் பொறுக்க முடியுமா? பால்வெட்டுபவருக்குக் கத்தி எப்படியோ, அப்படித்தான் வேலைச் சட்டையும். கத்தியின் பிடி என்ன நிறம் என்று பார்த்தா வாங்குகிறோம்? முனை எப்படி இருக்கிறது என்றுதானே பார்க்கிறோம்! சட்டைக்கு முனை அதன் துணி. ஆகவே எப்போதும் துணியை முதலில் பாருங்கள், அளவை அடுத்துப் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

வேர்வை காய வேண்டும்

நம் உடம்பின் சூடு ஏறக்குறைய 37 டிகிரி. உழைக்கும்போது அது ஏறப் பார்க்கும். அதை இறக்குவதற்காகவே உடம்பு வேர்வையை வெளியே விடுகிறது. ஆனால் வேர்வை வடிந்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அது காற்றில் உலர வேண்டும். உலரும்போதுதான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் நாட்டுக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம், வேர்வை லேசில் காயாது. அதன் மேல் காற்றுப் புகாத இறுக்கமான துணியும் சேர்ந்தால், அடுப்பின் மேல் மூடி போட்ட சட்டியின் கதைதான்.

பருத்தித் துணி தன் எடையில் ஏறக்குறைய 7, 8 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இழுப்பதில்லை. நைலான் இரண்டுக்கும் நடுவில். பளபளவென்று ஒரே நிறத்தில் செட்டாகத் தொங்கும் மலிவான உடுப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பாலியஸ்டர்தான். சாயம் மங்காது, கசங்காது, சீக்கிரம் காயும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் தடித்து, உடம்போடு ஒட்டியிருந்தால், வேர்வை தோலிலேயே தேங்கும்.

“பையன் போடுற பந்து ஜெர்சியும் பாலியஸ்டர்தானே?” என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அது மெல்லியது, சிறு துளைகள் கொண்டது, தொளதொளவென்று இருப்பது. அதனால் காற்றுப் போய் வருகிறது. பருத்தியிலும் ஒரு குறை உண்டு. முழுக்க நனைந்துவிட்டால் கனமாகி, காய நேரமாகும். அதனால் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

உச்சி வெயிலில் குலை வெட்டும்போதோ உரம் போடும்போதோ தலை சுற்றல், குமட்டல், தசைப் பிடிப்பு, தாங்க முடியாத களைப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். நிழலுக்கு வந்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் குடியுங்கள். ஒருவர் உளறினாலோ மயங்கி விழுந்தாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. அது உயிருக்கே ஆபத்து. மேல் துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-க்கு அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஒரு சகோதரியின் கதை

நமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். பசார் மாலாமில் ஒரே நிறத்தில் மேலும் கீழும் இருக்கும் செட் ஒன்றை ஆசையாக வாங்கினார். உடம்பைப் பிடித்த கால்சட்டை, அதற்கேற்ற மேல்சட்டை. கூட வேலை செய்பவர்கள் “அடியே, சினிமாக்காரி மாதிரி இருக்கே!” என்றார்கள். அவருக்கும் சந்தோஷம். தினமும் அதையே துவைத்துத் துவைத்துப் போட்டார். பல நாள் சரியாகக் காயாமலேயே போட்டார்.

ஒரு மாதத்தில் தொடை இடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்தது. இதைத்தான் படை அல்லது படர்தாமரை என்கிறோம். இது ஒரு பூஞ்சணம். சூடும் ஈரமும் இறுக்கமும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். சகோதரிக்கு டாக்டரிடம் காட்ட வெட்கம். யாரோ சொன்ன களிம்பை வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. பத்தாம் நாள் படை இடுப்புவரை ஏறிவிட்டது.

ஏன் அப்படி? கடையில் கிடைக்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கும். அது அரிப்பை அடக்கும், சிவப்பைக் குறைக்கும். ஆனால் பூஞ்சணத்தைக் கொல்லாது, பரவவே விடும். நோய் போய்விட்டது என்று நாம் நினைப்போம். அது உள்ளே வேர் பிடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே துண்டு என்பதால் பிள்ளைகளுக்கும் படை வந்தது. நடக்கவே முடியாமல் அந்தச் சகோதரிக்குப் பல நாள் வேலை போனது. வேலை போனால் கூலி போனது. செட் வாங்கியபோது மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு கையைவிட்டுப் போயிற்று.

ஆகவே சொல்கிறோம்: படை வந்தால் வெட்கப்படாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பூஞ்சணத்துக்கு உரிய களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை பூசுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு வையுங்கள். உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும், அதைத் தினமும் மாற்றி வெயிலில் காயப் போடுங்கள்.

இடுப்புக் கயிறு

சேலையோ பாவாடையோ கட்டும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாவாடை நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் உராய்ந்து கறுக்கும், பிறகு புண்ணாகும். வருஷக்கணக்கில் ஆறாத அப்படிப்பட்ட புண், அபூர்வமாகப் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். கயிற்றுக்குப் பதிலாக அகலப் பட்டி வைத்துத் தையுங்கள், கட்டும் இடத்தை மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள்.

சுகம் என்றால் திறந்து போடுவதல்ல

“அப்படின்னா அரைக்கை சட்டையும் அரைக்கால் சிலுவாரும் போட்டுக்கிட்டுப் போறேன், அதுதான் சுகம்” என்று இளைஞர்கள் சொல்வார்கள். தம்பி, அதுவும் தப்பு! காட்டில் சட்டை ஒரு கவசம்.

டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் அந்தி நேரத்திலும் அதிகமாகக் கடிக்கும். குரங்கிலிருந்து மனிதனுக்கு வரும் மலேரியாவும் நம் நாட்டில் உண்டு, காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் ஒருவகைக் காய்ச்சல் வருகிறது. 1920-களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்கள் இந்தக் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், வெட்டுக்காயம் பட்ட காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும்.

இவற்றுக்கெல்லாம் முதல் தடுப்பு, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை, நீளமான சிலுவார், அதன் நுனியை உள்ளே செருகிய காலுறை, ரப்பர் பூட்ஸ். காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால், “நான் தோட்டத்துல வேலை செய்யறேன்” என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நிறத்துக்கும் வேலை உண்டு. கறுப்பும் கருநீலமும் வெயிலை அதிகம் இழுக்கும், கொசுவும் கறுத்த நிறத்தை நாடி வரும். வெளிர் நிறம் நல்லது. அழுக்குத் தெரியும்தான். அழுக்குத் தெரிந்தால்தானே துவைப்போம்!

மருந்தடிப்பவர் உடுப்பு

மருந்தடிக்கும் வேலையில் மேட்ச்சும் பார்க்க முடியாது, சுகமும் பார்க்க முடியாது. பாதுகாப்பு ஒன்றுதான் பேச்சு. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. வேர்வையை இழுக்கும் அதே பருத்தி மருந்தையும் இழுத்துத் தோலில் வைத்து அழுத்தும். எனவே மேலங்கி, ஏப்ரன், கையுறை, பூட்ஸ் கட்டாயம். மருந்து கொட்டி நனைந்தால், வேலை முடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்த உடுப்போடு வீட்டுக்கு வராதீர்கள். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். துவைக்கும்போது தனி வாளியில், கையுறை போட்டுத் துவையுங்கள். குழந்தையின் துணியோடு ஒருபோதும் கலக்காதீர்கள். மெஷினில் போட்டால், பிறகு ஒரு முறை துணியில்லாமல் தண்ணீர் ஓடவிடுங்கள்.

இந்தப் பாதுகாப்பு உடுப்பை நம் கைக்காசில் வாங்க வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. கிழிந்த கையுறையைக் கொடுத்து “இதுதான் இருக்கு” என்று மண்டோர் சொன்னால், சங்கக் கிளையில் சொல்லுங்கள். 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளி நீக்கத் தவறினால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

இரண்டும் வேண்டுமா? வழி உண்டு

கடையில் துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் போனால் காற்றோட்டம் உண்டு. உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள், ‘காட்டன்’ அல்லது ‘காப்பாஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். எங்கும் பிடிக்கக்கூடாது.

செட் செட்டாக வாங்காதீர்கள். சாம்பல், சந்தன நிறம் போன்ற ஒற்றை நிறத்தில், பூப்போடாத பருத்திச் சிலுவாரோ கைலியோ இரண்டு வாங்குங்கள். அதற்கு எந்த நிறச் சட்டையும் பொருந்தும். இரண்டு கீழ், நான்கு மேல் இருந்தால் எட்டு ஜோடி ஆயிற்று! மகளுக்கு மேட்ச்சும் கிடைக்கும், அம்மாவுக்குக் காற்றும் கிடைக்கும், காசும் மிச்சம்.

விடியற்காலைப் பேச்சுக்கு வருவோம். அடுத்த முறை மகள் “மேட்ச்சா போடும்மா” என்றால், “சரி புள்ள, ஆனா பருத்தியில எடுத்துக் குடு” என்று சொல்லுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். படை வந்து படுத்தால் அவர்கள் வந்து நம் நிரையை வெட்டித் தரப் போவதில்லை.

உழைக்கும் உடம்புதான் நம் முதல். அதற்கு ஏற்ற உடையே நமக்கு அழகு!