ஒரே எடை, இரு குணம்: கடலடிக் காற்றுத் தோம்பு



மெர்சிங் படகுத்துறைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். திங்கி, ஆவுர் முதலிய தீவுகளுக்குப் புறப்படும் படகுகளில், நம் வீட்டு எரிவாயுத் தோம்பைவிட ஒல்லியாகவும் நீளமாகவும் உள்ள தோம்புகளை ஏற்றுவார்கள். கடலடியில் நீந்துவோர் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்றுத் தோம்புகள் அவை. ஆக்சிஜன் தோம்பு என்று பலர் சொல்வதுண்டு, அது சரியன்று. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைக்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கினார்கள். அதன் பிறகே இந்த நீச்சல் உலகெங்கும் பரவியது.

தோட்டத்துப் பிள்ளைகள் படகு வேலைக்கும் போகிற காலம் இது. ஆகவே தோம்பின் குணத்தை நாமும் தெரிந்துகொள்வோம்.

தோம்புகளில் எஃகு, அலுமினியம் என இருவகை உண்டு. பரவலாகப் புழங்கும் அளவில், கரையில் தூக்கினால் காலித் தோம்பு இரண்டுமே சுமார் 14 கிலோதான். தண்ணீரில் மட்டும் வேறுபடுகின்றன. ஏன்?

வகுப்பில் நாங்கள் இதற்குக் களிமண்ணை எடுத்துக்கொள்வோம். உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாகச் செய்து விட்டால் மிதக்கும். எடை மாறவில்லை, விலக்கும் நீரின் அளவுதான் கூடியது. அலுமினியம் எஃகைவிட வலுக் குறைந்தது. எனவே சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். 14 கிலோ அலுமினியம் 5 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதே எடை எஃகுக்கு 2 லிட்டர்கூட வேண்டாம். ஆகவே 11 லிட்டர் அலுமினியத் தோம்பு விலக்கும் நீர் 16 லிட்டருக்கு மேல். 12 லிட்டர் எஃகுத் தோம்பு விலக்குவதோ 14 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இன்னொன்று, காற்றுக்கும் எடை உண்டு. ஆயிரம் லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. ஒரு தோம்பில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் அடைப்பதால், இரண்டரை கிலோவுக்கு மேல் காற்று மட்டும் சேர்கிறது. நீந்துபவர் மூச்சுவிட விட அந்த எடை குறைந்துகொண்டே போகும். நிறைந்திருக்கையில் மூழ்கிய அலுமினியத் தோம்பு, காலியாகும்போது ஏறத்தாழ 2 கிலோ விசையோடு மேலே இழுக்கும். எஃகுத் தோம்பு காலியானாலும் பெரும்பாலும் மிதப்பதில்லை.

இதில் உயிர் விஷயம் இருக்கிறது. மேலே வருமுன் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது நீந்துவோர் வழக்கம். நிற்க முடியாமல் மிதந்து விரைவாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாவைப் போல உடம்பில் காற்றுக் குமிழிகள் உண்டாகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரலே கிழியலாம். ஆகவே இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளை, நிறைந்த தோம்புக்கு அல்ல, காலியாகப் போகும் தோம்புக்குக் கணக்கிட வேண்டும். அலுமினியத்துக்குக் கூடுதலாக 2 கிலோ ஈயம் தேவைப்படும்.

அப்படியானால் எஃகுதானே மேல் என்பீர்கள். குளிர்நாடுகளில் அது உண்மை. அங்கே அணியும் தடித்த உடையே ஆளை மிதக்க வைக்கும். நம் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடை போதும். எஃகுத் தோம்போடு பழக்கத்தில் அதே ஈயத்தையும் கட்டினால் ஆள் கீழே போய்க்கொண்டே இருப்பார். தோம்பைக் கழற்றி எறியவும் முடியாது. எங்கள் எண்ணத்தில், நம் கடலுக்கு அலுமினியம் ஒன்றும் குறைந்ததில்லை.

கையாளும் விதத்திலும் எஃகு கொஞ்சம் பிடிவாதக்காரன். பெரும்பாலும் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் செருப்பு மாட்டினால்தான் நிற்கும். அந்தச் செருப்புக்குள் உப்புநீர் தங்கித் துருப்பிடிக்கும். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளே துருப்பிடித்தால் இன்னும் மோசம். துரு காற்றிலுள்ள ஆக்சிஜனையே தின்றுவிடும். அதனால்தான் காற்றை முழுவதும் தீர்ப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்தால் ஈரம் உள்ளே புகாது.

எந்த வகையானாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. படகில் விழாதபடி கட்டி வைக்க வேண்டும். விழுந்து வால்வு உடைந்தால் ஆபத்து. தோம்பின் தோள்பகுதியில் அழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். தூக்கிக்கொடுக்கும் பையன்களும் அதைப் படித்துப் பார்க்கலாம்.