துண்டாகும் ஆரவல்லி: தலைநகரைச் சுற்றி அறுபடும் பசுமைத் தடம்

தில்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு பாறை முகடு இருக்கிறது. காலை நடைக்கு வரும் முதியவர்களுக்கும் மரத்தடியில் புத்தகம் விரிக்கும் மாணவர்களுக்கும் அது ஒரு பூங்கா. உண்மையில் அது, குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியாணா வழியாக ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவு வரும் ஆரவல்லி மலைத் தொடரின் வடகோடி. தலைநகரில் 'ரிட்ஜ்' என்று வழங்கும் இந்த முகட்டுக் காடு தெற்கே அசோலா-பாட்டி சரணாலயம் வரை சென்று, அங்கிருந்து ஹரியாணாவின் ஃபரீதாபாத், குருகிராம் மாவட்டக் குன்றுகளோடு இணைகிறது.

தார்ப் பாலைவனத்தின் புழுதி தலைநகருக்கு வராமல் தடுப்பது இத்தொடர். மழைநீரைப் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தடிக்கு அனுப்புவதும் இதுவே. அசோலாவுக்கும் ராஜஸ்தானின் சரிஸ்காவுக்கும் இடையே சிறுத்தைகள் நடமாடும் பாதையும் இதன் மேல்தான் அமைந்துள்ளது. தமிழகத்தில் 'யானை வழித்தடம்' என்ற சொல் எதைக் குறிக்கிறதோ, தலைநகர வட்டாரத்தில் ஆரவல்லி அதைக் குறிக்கிறது.

இத்தகைய தடத்தின் மதிப்பு அதன் பரப்பில் மட்டும் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஆனால் சட்டமும் நிர்வாகமும் இதைத் தொடராகப் பார்க்கவில்லை. கிராமம் கிராமமாக, மனை மனையாக, இப்போது மீட்டர் கணக்கிலும் பார்க்கின்றன என்பதே இன்றைய சிக்கல்.

வளர்ந்த நகரும் மீண்ட குன்றும்

இன்றைய எல்லைகளின்படி குருகிராம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 8.7 இலட்சம். 2011 கணக்கெடுப்பில் அது 15.14 இலட்சமாயிற்று. பத்தே ஆண்டுகளில் 70 சதவீதத்துக்கும் மேலான இந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுத்தவை வயல்களும் குன்றடிவாரங்களும். ஹரியாணாவின் வனப்பரப்போ மாநில நிலப்பரப்பில் ஏறத்தாழ 3.6 சதவீதம் மட்டுமே. நாட்டில் மிகக் குறைந்த வனப்பரப்புள்ள மாநிலங்களுள் அதுவும் ஒன்று.

எனினும், வளரும் நகரமும் பாதுகாக்கப்பட்ட நிலமும் பகையாளிகள் அல்ல என்பதற்கு குருகிராமிலேயே சான்றுகள் உண்டு. கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட சுமார் 390 ஏக்கர் நிலத்தில், 'ஐயாம்குர்கான்' என்ற குடிமக்கள் அமைப்பும் மாநகராட்சியும் 2010 முதல் ஆரவல்லிக்கே உரிய மரவகைகளை நட்டன. சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ அறிவிக்கப்படாமலே இயற்கையைக் காக்கும் இடங்களுக்கென உருவான பன்னாட்டு வகைப்பாட்டில், நாட்டிலேயே முதலாவதாக இந்த ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா 2022 பிப்ரவரி 2-ல் சேர்க்கப்பட்டது.

மற்றொன்று சக்கர்பூர்-வசீராபாத் கரை. வெள்ளத்தைத் தடுக்க முற்காலத்தில் எழுப்பப்பட்ட இந்த மண்கரை, நகரம் வளர்ந்தபோது குப்பை மேடாக மாறியது. அதைத் துப்புரவாக்கி, மரம் நட்டு, சுமார் 5 கி.மீ. தொலைவுக்கு நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்குமான தடமாக மாற்றியுள்ளனர். பழைய கிராமங்களையும் புதிய குடியிருப்புகளையும் வாகன நெரிசலின்றி இணைக்கும் பாதை அது. பொது நிலம் பொதுவாகவே இருக்கும்போது ஒரு நகரம் எதைப் பெறும் என்பதை இவ்விரு இடங்களும் காட்டுகின்றன.

பொது நிலம் கைமாறிய கதை

குருகிராம்-ஃபரீதாபாத் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் காட்சி மாறுகிறது. ஒரு பக்கம் இரு நகரங்களின் குப்பையும் குவிந்த பந்த்வாரிக் கிடங்கு. மறுபக்கம் மாங்கர் பனி என்னும் கோவில் காடு. குதாரியா தாஸ் பாபா என்னும் துறவியின் பெயரால் சுற்றுவட்டக் குஜ்ஜர் கிராம மக்கள் தலைமுறைகளாக இங்கு ஒரு கிளையைக்கூட ஒடிப்பதில்லை. மற்ற இடங்களில் அருகிவிட்ட 'தௌ' மரங்கள் இங்கு அடர்ந்து நிற்கின்றன.

இந்தக் காட்டையும் நிலச்சந்தை விட்டுவைக்கவில்லை. கிராமத்தின் பொது நிலமாக இருந்த குன்றுகள் 1970-களிலும் 80-களிலும் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுப் பின்னர் வெளியார் கைகளுக்குச் சென்றன. வருவாய்த் துறை ஆவணங்களில் இவை காடு என்று எழுதப்படவில்லை. 'கைர் மும்கின் பஹாட்', அதாவது சாகுபடிக்கு உதவாத குன்று என்றே பதிவாகியுள்ளன. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2016-ல் ஹரியாணா அரசு மாங்கர் பனியின் 677 ஏக்கரையும், அதைச் சூழ்ந்த 1,132 ஏக்கரையும் கட்டுமானம் கூடாத பகுதியாக ஏற்றது. காடு தப்பியது. ஆனால் அக்காட்டை அசோலாவுடன் இணைக்கும் இடைப்பட்ட குன்றுகள் அனைத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. சாலையைக் கடக்க முயன்று வாகனம் மோதி இறக்கும் சிறுத்தைகள் அந்த இடைவெளியின் சாட்சிகள்.

நூற்றாண்டுச் சட்டமும் புதிய திருத்தங்களும்

ஹரியாணாவின் ஆரவல்லிக்கு முக்கியக் கவசமாக இருப்பது, மண்ணரிப்பைத் தடுக்க ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம். இதன்கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தில் எழுந்த காந்த் என்கிளேவ் குடியிருப்பை இடிக்க உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஐந்தே மாதங்களில், 2019 பிப்ரவரி 27-ல், ஹரியாணா சட்டப்பேரவை அச்சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தின்படி நீதிமன்ற அனுமதியின்றிச் செயல்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அச்சட்டத்தின் 4-வது பிரிவின் கீழ் சிறப்பு ஆணை பிறப்பிக்கப்பட்ட நிலம் வனமே என்று 2022 ஜூலை 21-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆணை பிறப்பிக்கப்படாத குன்றுகள் அப்போதும் வெளியே நின்றன.

அவற்றுக்கு இருந்த ஒரே பிடிமானம், 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் பிறந்த தீர்ப்பு. ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்றது அது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அது என்பது தமிழக மக்களுக்கு நினைவிருக்கலாம். கூடலூரில் தொடங்கிய அவ்வழக்கே ஆரவல்லிக்கும் அரணாயிற்று.

வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா இந்த அரணைத்தான் தொட்டது. கூட்டுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்ற மசோதா அங்கு மாற்றமின்றித் திரும்பி, 2023 ஜூலை 26-ல் மக்களவையிலும் ஆகஸ்ட் 2-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வனமாக அறிவிக்கப்பட்ட அல்லது அரசு ஆவணத்தில் வனமாகப் பதிவான நிலத்துக்கே சட்டம் பொருந்தும் என்பது அதன் சாரம். 'சாகுபடிக்கு உதவாத குன்று' என்று மட்டும் பதிவான நிலத்துக்கு இது என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2024 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, பழைய அகராதிப் பொருளையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றது.

உயரமா, தொடர்ச்சியா?

2025 நவம்பர் 20-ல் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தவையே ஆரவல்லிக் குன்றுகள். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த அத்தகைய குன்றுகளே தொடர் என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுரங்கக் குத்தகைகளுக்காகவே இவ்வரையறை என்றும், நிலைத்த மேலாண்மைத் திட்டம் தயாராகும் வரை புதிய குத்தகை இல்லை என்றும், 90 சதவீதத்துக்கும் மேலான பகுதி பாதுகாப்பில்தான் இருக்கும் என்றும் மத்திய அரசு விளக்கமளித்தது. ஆனால் இரு குன்றுகளை இணைப்பது தாழ்ந்த மேடுகளும் பள்ளத்தாக்குகளுமே. உச்சிகளைக் காத்து, இணைப்புகளை விட்டுவிட்டால் எஞ்சுவது தொடர் அல்ல, தீவுகள் என்ற எதிர்ப்பு வட மாநிலங்களில் வலுத்தது. 2025 டிசம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் தானே நிறுத்தி வைத்தது.

நிலத்தைக் காப்பதன் சுமை யார் மீது விழுகிறது என்ற கேள்வியும் உண்டு. 2021 ஜூன் 7 உத்தரவைத் தொடர்ந்து ஃபரீதாபாத் அருகே கோரி கிராமத்தில் சுமார் 10,000 வீடுகள் இடிப்புக்கு உள்ளாயின. ஒரு காலத்தில் கல் குவாரிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் வளர்த்த குடியிருப்பு அது. வனநிலத்தில் எழுந்த பண்ணை வீடுகளும் விருந்து மண்டபங்களும் விதிவிலக்கல்ல என்று நீதிமன்றம் அப்போதே சொன்னது. சட்டவிரோதக் கட்டடங்களை மூன்று மாதத்தில் அகற்றுமாறு 2022-ல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. குடிசை இடிபடும் வேகத்தில் மாளிகை இடிபடுவதில்லை என்ற கசப்பு இருக்கும் வரை, பாதுகாப்பு என்ற சொல்லை ஏழைகள் ஐயத்துடனேயே கேட்பர்.

ரயிலுக்கு உண்டு, குன்றுக்கு இல்லை

மாநில எல்லை கடந்து திட்டமிட அமைப்பு இல்லாமலில்லை. 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி தேசியத் தலைநகர வட்டார திட்ட வாரியம் உள்ளது. 2005-ல் அறிவிக்கப்பட்ட அதன் திட்டம், ஆரவல்லியை 'இயற்கைப் பாதுகாப்பு மண்டல'த்தில் சேர்த்து, பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான கட்டுமானத்தையும் பரப்பில் 0.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2041-ஐ இலக்காகக் கொண்டு 2021 டிசம்பரில் வெளியான வரைவிலோ அது 'இயற்கை மண்டலம்' என்று சுருங்கியது. 'பாதுகாப்பு' என்ற சொல்லும் 0.5 சதவீத வரம்பும் அதில் இடம்பெறவில்லை.

இதே வட்டாரத்தில் மத்திய அரசும் தில்லி, ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேச அரசுகளும் பங்கு போட்டுக்கொண்டு ஒரு கூட்டு நிறுவனத்தை உருவாக்கின. அதன் முதல் ரயில் தடத்தில் 2023 அக்டோபரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. நகரங்களை ரயிலால் இணைக்க ஒரே வரைபடத்தில் கையெழுத்திட முடிந்த அரசுகளுக்கு, அந்நகரங்களுக்கு நீரும் காற்றும் தரும் குன்றுகளை ஒரே வரைபடத்தில் குறிப்பது இயலாத செயல் அல்ல. அந்த வரைபடம் வரும் வரை, மீட்கப்பட்ட பூங்காவும் கரையும் காடும் தனித்தனியே நல்ல செய்திகளாக மட்டுமே இருக்கும்.