தலேக்கெட்டனும் மஞ்ஞக்கோரயும்

ஒரே வயலில் தோளோடு தோள் உரசி நிற்கும் கோரைகளைப் பிரித்தறிவது தாவரவியலாளர்களுக்கே தலைவலி. குமரி எல்லையில் உழவர்களின் பேச்சிலேயே அதற்குப் பாதி விடை இருக்கிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். முதலில் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-இல் வகுத்த மாநில எல்லை தாலுகாக்களைப் பிரித்தது, களைகளைப் பிரிக்கவில்லை. இருபுறமும் எஞ்சியிருக்கும் வயல்களில் அதே கோரைகள்தான். பெயர்தான் மாறுகிறது. தமிழில் முத்தக்காசு, மலையாளத்தில் முத்தங்ங, நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு, அறிவியலில் சைபரஸ் ரொட்டண்டஸ்.

ஒரு செடிக்கு நான்கு பெயர் இருப்பது சிறிய சிக்கல். பல செடிகளுக்கு ஒரே பெயர் இருப்பதுதான் பெரிய சிக்கல். உலகில் சுமார் 5,500 இனங்கள் கொண்ட கோரைக் குடும்பத்தில், கண்ணில் படுவதையெல்லாம் 'கோரை' என்று சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டை. கணு உண்டு, பெரும்பாலும் உள்ளே பொள்ளல். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டை. கணு தட்டுப்படாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். இலைகள் புல்லில் இரண்டு வரிசை, கோரையில் மூன்று வரிசை.

கோரை என்று தெரிந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பம். நெல் வயலில் சைபரஸ் இரியா, சைபரஸ் டிஃபார்மிஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ் மூன்றும் கலந்து நிற்கும். இளம் பருவத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். இங்கேதான் மலையாள உழவர் கைகொடுக்கிறார். இரியாவுக்கு அவர் வைத்த பெயர் மஞ்ஞக்கோர. அதன் பூங்கதிர் மஞ்சள் படர்ந்து தளர்வாக விரிந்திருக்கும். டிஃபார்மிஸுக்குத் தலேக்கெட்டன், அதாவது தலைப்பாகைக்காரன். அதன் கதிர்கள் நெருங்கி உருண்டு முண்டாசு கட்டியதுபோல் இருக்கும். ஃபிம்பிரிஸ்டைலிஸுக்கு மங்ங், அதன் அடியிலைகள் விசிறிபோல் தட்டையாக விரியும். தாவரவியல் நூல் அரைப்பக்கம் எழுதுவதை ஒரு பெயரில் அடக்கிவிட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மருந்தில் இருக்கிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மோரில் காய்ச்சிக் கொடுக்கும் முத்தங்ங, ரொட்டண்டஸின் கிழங்கு. வட இந்தியச் சந்தையில் 'நாகர்மோத்தா' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் சைபரஸ் ஸ்கேரியோசஸ் என்ற வேறு இனம். இன்னொரு நெருங்கிய உறவு சைபரஸ் எஸ்குலெண்டஸ். அதன் கிழங்கு இனிக்கும். ஸ்பெயினில் அரைத்துப் பாலெடுத்துக் குடிக்கிறார்கள். தோண்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ரொட்டண்டஸில் கிழங்குகள் மணிமாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், கசக்கும், மணக்கும். எஸ்குலெண்டஸில் வேர்க்கொடியின் நுனிக்கு ஒரு கிழங்கு. காய்ந்து கடைக்கு வந்துவிட்டால் இந்த அடையாளங்களில் பாதி போய்விடும்.

வயலிலும் இதே கதைதான். இரியாவும் டிஃபார்மிஸும் விதையால் பரவும் ஓராண்டுச் செடிகள். பூக்கும் முன் பிடுங்கினால் அடுத்த போகத்தில் குறையும். ரொட்டண்டஸைப் பிடுங்கினால் மாலை அறுந்து, மண்ணில் தங்கிய ஒவ்வொரு மணியும் தனித்தனியாக முளைக்கும். உலகின் மிக மோசமான களை என்று 1977-இல் அதற்குப் பட்டம் கிடைத்தது சும்மா அல்ல. களைக்கொல்லியும் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிஃபார்மிஸ் 1990-களிலேயே சில மருந்துகளுக்கு மசியாமல் போனது. இரியாவுக்கோ சொந்த ஆயுதமே உண்டு. பூச்சிகளை முதிர்ச்சியடைய விடாத இளம்பருவ ஹார்மோன் ஒன்று அந்தச் செடியிலேயே இருப்பதை 1988-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

கண்ணால் பார்த்துத் தீராத வழக்குகள் உருப்பெருக்கியின் கீழ் போகின்றன. அங்கே சாட்சி சொல்வது கடுகிலும் சிறிய கொட்டை. அது மூன்று பட்டையா, இருபுறம் தட்டையா? சூல்முடி மூன்றா, இரண்டா? 1890-களில் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுதிக்காகக் கோரைகளை வகைப்படுத்திய சி.பி. கிளார்க், இத்தகைய அடையாளங்களை வைத்தே பைக்ரியஸ், கில்லிங்கா போன்றவற்றைத் தனிப் பேரினங்களாகப் பிரித்தார். அவர் பிரித்ததை மரபணு ஆய்வு திரும்பச் சேர்த்தது. 2010-களில் அவை சைபரஸ் என்ற ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. இன்று சைபரஸில் மட்டும் 900-க்கு மேற்பட்ட இனங்கள். பேரினம் மாறினாலும் இனத்தைச் சொல்லக் கொட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

பாய்க்கோரையும் தப்பவில்லை. பத்தமடைப் பாய் நெய்யும் கோரையைச் சில நூல்கள் சைபரஸ் கோரிம்போசஸ் என்கின்றன, சில நூல்கள் சைபரஸ் பாங்கொரை என்கின்றன. இரண்டுக்கும் 1773-இல் பெயரிட்டவர் டென்மார்க்கின் ராட்பெல். இரண்டாவது பெயரில் நம் 'கோரை' அப்படியே ஒலிக்கிறது.

இரியாவும் இறக்குமதி அல்ல. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதியில் 'இரியா' என்ற மலையாளப் பெயரோடு ஒரு கோரையின் படம் இருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் அந்தப் பெயரையே இனப்பெயராக எடுத்துக்கொண்டார். மலபார் வயற்காட்டில் யாரோ சொன்ன சொல் இன்று உலகத்தின் எல்லா உலர்தாவரக் காப்பகங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது.

அன்று சொல்ல ஆள் இருந்தது. இன்று பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் நெல் வயல்கள் வாழைக்கும் மரவள்ளிக்கும் ரப்பருக்கும் வீட்டு மனைக்கும் இடம் கொடுத்துவருகின்றன. வயல் போனால் களை பறிப்பவர் போவார்; அவரோடு தலேக்கெட்டனும் மங்ஙும் பேச்சிலிருந்து போகும். கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் செடியைப் பிடுங்கும்போது வேர், கிழங்கு, முற்றிய கொட்டை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அட்டையில் லத்தீன் பெயரை எழுதும்போது, அந்தச் செடியைக் காட்டியவர் அதை எப்படி அழைத்தார் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். அதற்கு உருப்பெருக்கி தேவையில்லை.