கணினியில் தமிழெழுத்தை எண்ணுதல்: ஜாவாஸ்கிரிப்ட் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

பூதலூரிலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர், கட்டுரைப் போட்டி ஒன்றிற்காக இணையப் படிவம் ஒன்றை நிரப்பினார். தலைப்பு 30 எழுத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது அங்கு விதி. ‘கல்லணைக் கால்வாயும் எங்கள் ஊரும்’ என்பது அவர் இட்ட தலைப்பு. இதில் 17 எழுத்துகளும் 3 இடைவெளிகளும் உள்ளன, ஆக 20. எனினும் படிவம் இறுதி எழுத்தை ஏற்க மறுத்தது. ‘கல்லணைக் கால்வாயும் எங்கள் ஊரு’ என்று பேச்சுவழக்கில் முடிந்து நின்றது தலைப்பு. “ஐயா, நான் தவறாக எண்ணிவிட்டேனா?” என்று கேட்டு வந்தார் அம்மாணவி. தவறு அவருடையது அன்று; எந்திரத்தின் எண்ணும் முறை வேறு. அம்முறையையும் அதைத் திருத்தும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்திரம் எண்ணும் முறை

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழெழுத்து 247 என்பதை நாம் அறிவோம். யூனிகோடு முறையில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியோ 128 இடங்களே கொண்டது. அதில் உயிரும், ஆய்தமும், அகரம் ஏறிய மெய்யும் தனித்தனி இடம் பெறும். மற்ற உயிர்மெய்கள் யாவும் அகர வரிவடிவத்தின்மேல் ஒரு துணைக்குறி சேர்ந்து அமையும். ‘பூதலூர்’ என்பது நமக்கு நான்கு எழுத்து. எந்திரத்துக்கோ ப, ஊகாரக் குறி, த, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு. இவ்வாறே மாணவியின் தலைப்பு 32 ஆயிற்று, முப்பதுடன் அறுபட்டது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. அகரம் நீங்கிய 11 உயிர்களுக்கு 11 குறிகள். அவற்றோடு புள்ளி ஒன்று. இந்தப் பன்னிரண்டையும் விலக்கி எண்ணினால் நம் எழுத்துக்கணக்கு வந்துவிடும். மேற்கண்ட தலைப்பில் இக்குறிகள் பன்னிரண்டு இடங்களில் வருகின்றன. 32இல் 12 போக 20. (க்ஷ போன்ற கூட்டெழுத்து இவ்விதிப்படி இரண்டாக எண்ணப்படும்.) இவ்விதியை இணைய உலாவிக்கு எவ்வாறு கற்பிப்பது?

பொருளும் மெத்தடும்

இணையப் பக்கங்களை இயக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவை ஆக்கினார். இம்மொழியில் ஆப்ஜெக்ட் எனப்படும் பொருள்கள் உண்டு. அப்பொருள் செய்யவல்ல செயலுக்கு மெத்தட் என்று பெயர். ‘செய்யுள்’ என்றொரு பொருளை ஆக்கினோமாயின், ‘எழுத்தெண்’ என்னும் மெத்தடை அதற்கு அளிக்கலாம். பிற மொழிகள் பலவற்றில் இவற்றை முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலோ நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மெத்தடைச் சேர்க்கலாம், மாற்றலாம், நீக்கலாம்.

மெத்தடுக்குள் வரும் ‘திஸ்’ என்னும் சொல் நம் இலக்கணத்தின் ‘தன்’ போன்றது. ‘அவள் தன் வீட்டுக்குச் சென்றாள்’ என்னும்போது ‘தன்’ யாரைக் குறிக்கும் என்பதை எழுவாய் முடிவு செய்கிறது. அவ்வாறே எந்தப் பொருளின்மேல் மெத்தடை ஏவுகிறோமோ அப்பொருளையே ‘திஸ்’ சுட்டும். ஆகவே ஒரே மெத்தட் பல பொருள்களுக்கும் பயன்படுகிறது.

வாய்க்கால் வழித் தேடல்

ஒரு பொருளிடம் ஒரு மெத்தடைக் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் முதலில் அப்பொருளிலேயே அதைத் தேடும். இல்லையேல் அப்பொருளின் புரோட்டோடைப்பில், அதாவது முன்னுருவில், தேடும். அங்கும் இல்லையேல் அம்முன்னுருவின் முன்னுருவில் தேடும். எங்கும் இல்லாதபோதுதான் பிழை காட்டும். 1980களில் உருவான செல்ஃப் என்னும் மொழியிலிருந்து ஐக் மேற்கொண்ட கருத்து இது.

டெல்டா மக்களுக்கு இது புதிதன்று. வயலில் கிணறு இருந்தால் அதன் நீரே முதலில் பாயும். இல்லையேல் வாய்க்காலைப் பார்ப்போம். அதற்கும் மேலே 1934இல் மேட்டூர் அணையோடு பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய். அதற்கும் மேலே கல்லணை. ஒரு பொருளில் மட்டும் மெத்தட் சேர்த்தல் தன் வயலில் கிணறு தோண்டுவதற்கு ஒப்பாகும். முன்னுருவில் சேர்த்தலோ பொதுக்கால்வாயில் நீர் விடுவதாகும். இனி ஆக்கப்படும் பொருள்களுக்கு மட்டுமன்றி, முன்னரே ஆக்கப்பட்டவற்றுக்கும் அது அக்கணமே கிடைக்கும்.

நம் தேவைக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. எழுத்துத் தொடர்களை ஸ்ட்ரிங் என்பர். தனி ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்த மெத்தட் அதில் தங்காது. ஸ்ட்ரிங் அனைத்துக்கும் பொதுவான முன்னுருவில் ‘எழுத்தெண்’ சேர்த்தாலோ, பக்கத்திலுள்ள எந்தத் தொடரும் தன் எழுத்தை எண்ணிச் சொல்லும். ‘பூதலூர்’ என்று கேட்டால் நான்கு என்னும். அதன் எளிமை கண்டு மாணவர்கள் மகிழ்ந்தனர். ஆயினும் அங்கேயே நின்றுவிடுதல் தகாது.

பொதுவில் சேர்த்ததன் விளைவு

2006இல் மூடூல்ஸ் என்னும் நிரல்தொகுப்பு வெளிவந்தது. அதனை ஆக்கியோர், அரே எனப்படும் வரிசைகளின் பொது முன்னுருவில் ‘ஃபிளாட்டன்’ என்ற மெத்தடைச் சேர்த்தனர். வரிசைக்குள் வரிசையாய் அடுக்கியவற்றை ஒரே வரிசையாக்கும் மெத்தட் அது. பல இணையதளங்கள் அத்தொகுப்பை ஏற்றன. பின்னர் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையை வகுக்கும் டிசி39 குழு, அதே பெயரில் ஒரு மெத்தடை மொழியிலேயே சேர்க்க முற்பட்டது. 2018 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் சோதனைப் பதிப்பில் அது இடம்பெற்றவுடன், மூடூல்ஸை நம்பிய தளமொன்று பழுதுபட்டது.

காரணம் நுட்பமானது. மொழியோடு பிறந்த மெத்தடுகள், உறுப்புகளை ஒவ்வொன்றாய்ப் பட்டியலிடும்போது தென்படா. அப்பெயரின்மேல் புதியதை எழுதினாலும் அந்தத் தென்படாத் தன்மை ஒட்டிக்கொள்ளும். மூடூல்ஸோ, பட்டியலில் தென்படும் மெத்தடுகளை மட்டுமே தன் வேறு பொருள்களுக்குப் படியெடுத்தது. எனவே ‘ஃபிளாட்டன்’ அங்குச் சென்று சேரவில்லை. ‘ஸ்மூஷ்’ என்று பெயர் மாற்றலாம் என ஒருவர் வேடிக்கையாக முன்மொழிய, அதுவே பெரும் விவாதமாயிற்று. முடிவில் 2018 மே மாதம் ‘ஃபிளாட்’ என்ற பெயரைக் குழு தேர்ந்தது. 2019ஆம் ஆண்டுத் தரநிலையில் அது இடம்பெற்றது. சிலர் தம் வசதிக்காகப் பொதுவில் இட்ட ஒரு பெயர், பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து உலகுக்கே உரிய மொழியின் சொல்லை மாற்றிற்று. வரிசைகளுக்கு ‘கன்டெய்ன்ஸ்’ என்று வைக்க எண்ணியது ‘இன்க்ளூட்ஸ்’ ஆனதும் இதே காரணத்தால்தான்.

செய்யத்தக்கன

ஆகவே மாணவர்கள் கொள்ளத்தக்க நெறிகள் சில உள. தாமே ஆக்கிய பொருளில் தடையின்றி மெத்தட் சேர்க்கலாம். ஸ்ட்ரிங், அரே போன்ற பொது முன்னுருக்களை இயன்றவரை தொடாமல், தொடரைக் கொடுத்தால் எண்ணிக்கையைத் தரும் தனிச் செயற்கூறாக ‘எழுத்தெண்’ணை எழுதுதல் நன்று. பொதுவில் சேர்த்தே தீர வேண்டுமெனில், பிறர் பயன்படுத்த வாய்ப்பில்லாத பெயரை இடுதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பது நமக்கு வாய்த்த நன்மை. மேலும், மொழியே தரும் வசதி உண்டா என்று முதலில் பார்த்தல் நலம். இன்று முதன்மையான உலாவிகளில் ‘இன்டல் செக்மென்டர்’ என்னும் கருவி உள்ளது. 2024இல் ஃபயர்பாக்ஸும் அதனை ஏற்றது. அதனிடம் மாணவியின் தலைப்பைக் கொடுத்தால், இருபது என்றே விடை தரும்.

முடிவுரை

எழுத்தை எண்ணுதல் யாப்பு பயில்வோர்க்கு முதற்பாடம். அதனைக் கணினி பிழையாகச் செய்யுமாயின், திருத்தும் கடமை தமிழ் கற்றோர்க்கே உரியது. நிரல் எழுதுவோரிடம் விட்டுவிட்டு வருந்துவதில் பயனில்லை. அம்மாணவி இப்போது பன்னிரு குறிகளையும் விலக்கி எண்ணும் சிறு நிரலைத் தாமே எழுதியுள்ளார். அதனைப் பொது முன்னுருவில் சேர்க்கவில்லை; தம் பொருளிலேயே வைத்துள்ளார். காரணம் கேட்டதற்கு, “வாய்க்காலில் கை வைத்தால் கடைமடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே, ஐயா” என்றார்.